மேசைக்குக் கீழே ரப்பர் செருப்பு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவு ஆண்டு மலர் போடுகிறதாம். மலர்க்குழுச் செயலாளர் போன் செய்தார்.

"சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளோட பயன்கள் பத்தி ஒண்ணு வேணும் சார். கதை மாதிரி உருக்கமா இருக்கணும், கட்டுரை மாதிரி பயன்படணும். ஆனா அந்த வார்த்தை மட்டும் அதிகம் வேண்டாம்."

"எந்த வார்த்தை?"

"அதான் சார்... குடும்பத்தோட படிக்கிற மலர் பாருங்க."

அந்த மருந்தின் வேலையே அதுதானய்யா! அதை விட்டுவிட்டு எதை எழுத? மாத்திரையின் நிறத்தையா? வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டேன்.

(சரி என்றதற்குக் காரணம் என் அத்தான். அவரைப் பற்றி எழுத ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கு மூச்சு வாங்குகிறது, எனக்குக் கதை கிடைக்கிறது. எழுதுகிறவன் புத்தி இப்படித்தான். உங்கள் வீட்டில் ஒருவன் இருந்தால் உஷாராக இருங்கள்.)

2

முதல் தொடக்கம்: மாலைச் சூரியன் மேற்கே சாயும் வேளையில், தன் வாழ்வின் அந்திப் பொழுதை எண்ணியபடி அவர்...

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: இதயம் என்பது வெறும் தசையல்ல, அது ஒரு...

நாசமாப் போச்சு.

மூன்றாவது: என் அக்கா வீட்டுக்காரர் தொலைக்காட்சியில் சாயங்காலச் செய்தி வாசிக்கிறவர். மேசைக்கு மேலே கோட்டு, டை, பவுடர் பூசிய முகம். மேசைக்குக் கீழே ரப்பர் செருப்பு. ஏனென்றால் அவர் கால் இப்போது எந்த ஷூவுக்குள்ளும் போவதில்லை. அப்படி வீங்கியிருக்கிறது. கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுகிறது, விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருக்கிறது. பார்க்கிற ஜனங்களுக்கு மேல்பாதி மட்டும்தான் தெரியும்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

(கட்டுரைப் பகுதி. செயலாளருக்காக. கதைக்கு வந்தவர்கள் தாண்டிப் போகலாம். போனால் அத்தான் ஏன் உயிரோடு விளையாடுகிறார் என்பது புரியாது.)

இதயம் சோர்ந்துபோனால் உடம்பில் தண்ணீர் தேங்கும். கணுக்காலில் தொடங்கி, வயிற்றில் ஏறி, நுரையீரலுக்குள்ளும் போகும். அங்கே போய்விட்டால் மனுஷன் படுத்துத் தூங்க முடியாது, உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அல்லாட வேண்டியதுதான். இந்த மருந்து சிறுநீரகத்திடம், "உப்பைத் திரும்ப எடுத்துக்காதே, வெளியே விடு" என்கிறது. உப்பு கிளம்பினால் தண்ணீரும் பின்னாலேயே கிளம்பிவிடும், அமைச்சர் எழுந்ததும் கூடவே எழுந்து ஓடுகிற ஆட்கள் மாதிரி.

ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பார்கள். கல்லீரல் கெட்டு வயிறு வீங்கியவர்களுக்கும் கொடுப்பார்கள். ஒரு வகை, கண்ணின் அழுத்தத்தைக்கூடக் குறைக்கும். சில வகைகள் போகிற போக்கில் பொட்டாசியத்தையும் வாரிக்கொண்டு போகும், சில வகைகள் அதை விடாமல் பிடித்து வைக்கும். டாக்டர்கள் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

அத்தானுக்கு மத்தியானம் போடச் சொல்லிக் கொடுத்த வகை, போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். பிறகு சில மணி நேரம் ஆளை உட்காரவிடாது. அத்தானின் வேலையே உட்காருவதுதான். மத்தியானமே போய் ஒத்திகை, மேக்கப், பதிவு, அப்புறம் நேரலை என்று ஓடும். நேரலையில் எழுந்து போனால் நாற்காலி போய்விடும் என்பது அவர் பயம்.

4

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாத்திரை போட்ட நாளில் இவரை வைத்து ஒரு காட்சிகூட எழுத முடியவில்லை. அக்கா கண் கலங்கி, "என்னங்க, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்..." என்று ஆரம்பிக்கிறாள். "இதோ வந்துட்டேன்" என்று இவர் எழுந்து ஓடுகிறார். அக்கா மிச்ச வசனத்தைக் கழிவறைக் கதவிடம் சொல்கிறாள். உருக்கம் எங்கே வரும்?

ஆகவே வேலை நாட்களில் அவர் மாத்திரையே போடுவதில்லை. மடையனா என்று கேட்காதீர்கள். அவரிடம் ஒரு தத்துவம் இருக்கிறது.

"வாரம் பூரா நடந்ததை ஒரே நாள்ல தொகுப்பா சொல்றோமில்ல? ஜனங்களுக்குப் புரியலையா? மாத்திரையையும் லீவு நாள்ல தொகுத்துப் போட்டா உடம்புக்குப் புரியாதா என்ன?"

(அடிக்குறிப்பு: புரியவில்லை. போன லீவு நாளில் தொகுத்துப் போட்டார். நாற்காலியிலிருந்து எழுந்தவருக்குக் கண் இருட்டி, சமையலறை வாசலில் பொத்தென்று விழுந்தார். கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ள, வலியில் கத்தினார். தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள். செயலாளரே, பயன் வந்துவிட்டதா?)

மற்ற நாளெல்லாம் தண்ணீர் ஏறுகிறது, பாராட்டும் ஏறுகிறது. மேக்கப் போடுகிற பெண், "சார், முகம் நல்லா பூரிச்சிருக்கு, உடம்பு தேறிடுச்சு!" என்கிறாள். டி.வி. பார்த்துவிட்டு எங்கள் அத்தை போன் போடுகிறாள்: "மாப்பிள்ளை ஒரு சுத்து பெருத்துட்டாரே, கண்ணு பட்டுடப் போகுது!" ஊரே சேர்ந்து தண்ணீரைப் பாராட்டிக்கொண்டிருக்கிறது.

5

"டாக்டர்கிட்டயே கேட்டா என்ன அத்தான்? செய்தி முடிஞ்சப்புறம் போடலாமா, வேற நேரத்துக்கு மாத்தலாமான்னு?"

"என்னன்னு கேக்கறது?"

"அடக்க முடியலன்னு."

"எதை?"

"அதான்..." என்று இழுத்தேன். அவர் தொடர்ந்தார். "அந்த டாக்டரம்மா என் உச்சரிப்புக்காகவே நியூஸ் பாக்கறவங்கடா. அவங்ககிட்டப் போய் இதை எப்படி..."

இதில் கூத்து என்னவென்றால், போன தடவை டாக்டர் "ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அத்தான் தன் கணீர்க் குரலில், "தவறாமல்" என்றிருக்கிறார். அந்தக் குரலை நம்பாதவர் யார்? போட்டும் வீக்கம் வடியவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டிவிட்டார். போடாத மருந்துக்கு அளவு கூடியிருக்கிறது! அடுத்த தொகுப்பு போன தொகுப்பைவிடப் பெரிசு. இந்தத் தடவை விழுந்தால் எழுந்திருப்பாரா என்று அக்காவுக்குப் பயம். எனக்கும்தான்.

கொலையை, கொள்ளையை, பெரிய மனிதர்களின் படுக்கையறையைக்கூடக் கண் இமைக்காமல் வாசித்த வாய் அது.

"ஊரு உலகத்துக்கெல்லாம் சேதி சொல்றீங்க. உங்க சேதியை ஒரே ஒரு ஆளுக்குச் சொல்ல வாய் வரலியா?" என்றாள் அக்கா.

6

முடிவுகள், கைவசம் உள்ளவை:

நேரலையில், ஒரு வாக்கியத்தின் நடுவே மூச்சுத் திணறி, அவர் தலை மேசையில்... (மருத்துவமனை மலரில் யாரும் சாகக் கூடாதாம்.)

குணமாகி, செய்தியின் முடிவில் மருத்துவமனைக்கு நன்றி சொல்கிறார். (செயலாளர் கைதட்டுவார். எனக்குக் குமட்டுகிறது.)

நேரலையில் துணிந்து எழுந்து நடக்கிறார், கேமராவில் செருப்பு தெரிகிறது... (எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இந்த மனுஷன் உயிரே போனாலும் எழுந்திருக்க மாட்டார்.)

7

இதை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அத்தான் எதிரே, கோட்டு டையோடு. இன்னும் சற்று நேரத்தில் வண்டி வந்துவிடும். ஒரு வாக்கியம் பேச இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குகிறார்.

அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவர் முன்னால் நகர்த்தினாள்.

"சொல்லுங்க சார். மாத்திரை ஒழுங்கா போடறீங்கல்ல?"

அத்தான் நிமிர்ந்தார். டையைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, எழுதிக் கொடு என்று சைகை காட்டினார்.

அடடா! எழுதிக் கொடுத்தால் எதையும் வாசித்துவிடுவார் இவர். இத்தனை வருஷப் பழக்கம். இது ஏன் எனக்கு இவ்வளவு நேரம் உறைக்கவில்லை? கதையின் கடைசித் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினேன்:

*டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன். மாத்திரையை ஒழுங்கா போடறதில்ல. ஏன்னா, போட்டா எனக்கு*

பேனா நின்றுவிட்டது. மேலே போய்ப் பாருங்கள். செயலாளரை அத்தனை கேலி செய்த நான், கதை முழுக்க அந்த வார்த்தையை மருந்தின் பெயரிலும் உறுப்பின் பெயரிலும் ஒளித்துவைத்தேனே தவிர, ஒரு தடவையாவது தனியாக எழுதினேனா? அக்கா பக்கத்தில் நிற்கிறாள், டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார், கை கூசுகிறது.

"ஹலோ? சார், இருக்கீங்களா?"

அத்தான் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுதியதை வாசிப்பார், எழுதாததை வாசிக்க மாட்டார்.

இவ்வளவு நேரம் படிச்சீங்கல்ல, இந்தாங்க பேனா. மிச்சத்தை நீங்க எழுதுங்க. என்ன முழிக்கிறீங்க? எழுதுங்க, அவருக்கு மூச்சு வாங்குது.