பார்வையிட வந்தவர்

கூடத்துப் பிளக்கில் பொறி பறந்ததால், ஐஸ் பெட்டியின் ஒயரைச் சமையலறைக்கு இழுத்தார்கள். பெட்டி கொண்டுவந்த ஆள் செருப்போடு உள்ளே கால் வைக்கப் போனான்.

“செருப்பைக் கழட்டு! சமையல்கட்டுப்பா அது!”

கத்தியது மீனாட்சி. அதுவரை கணவர் தனபாலனின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தவள். கூடமே திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டு குல்சும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்படியே மாமா கணக்கா கத்துறியேக்கா.”

அழுகைக்கு நடுவே மீனாட்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தனபாலன் தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் நின்றே காலத்தை ஓட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு, மனைவி செய்யும் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு ஆர்டர் வரத் தொடங்கியதும் அவருக்குச் சட்டக் கிறுக்குப் பிடித்தது. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யவேண்டும் என்று கேள்விப்பட்டு, முதல் வேலையாகப் போய்ப் பதிந்தார். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். பதிவு எண், செய்த தேதி, பச்சைப் புள்ளி என்று பாக்கெட்டில் ஒவ்வொன்றையும், சேலை மடிக்கிற நேர்த்தியோடு ஒட்டினார். தலையில் தொப்பி மாட்டாமல் மீனாட்சியே அடுப்படிக்குள் போக முடியாது. ஜலதோஷத்தோடு வந்த சொந்த அண்ணனை வாசலிலேயே உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

“இது வீடா, ஆஸ்பத்திரியா?” என்பாள்.

“நமக்குத்தான் வீடு மீனா. வாங்கித் திங்கிறவனுக்குக் கடை.”

அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. வருஷத்துக்கு ஒருமுறையாவது அதிகாரி வந்து பார்க்கவேண்டும் என்று விதி சொல்கிறது, ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. அதிகாரி வந்துவிடக் கூடாதே என்று மற்றவர்கள் வேண்டிக்கொள்ள, இவர் போன் போட்டு, “எங்க கிச்சனைக் கொஞ்சம் வந்து பாருங்க சார்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நேற்றும் அடுப்புத் திட்டைத் துடைத்துவிட்டுத்தான் படுத்தார். காலையில் காபிக்கு எழுப்பினபோது எழவில்லை.

மாலைகள் வந்து சேர்ந்த நேரத்தில், கையில் கோப்போடு ஒருவர் வாசலில் நின்றார்.

“தனபாலன் சார் வீடு…” என்று ஆரம்பித்தவர் கூட்டத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “நான் சக்திவேல். ஃபுட் சேஃப்டி ஆபீஸ். அவர்தான் வரச் சொல்லிக்கிட்டே இருந்தாரு…”

மகன் மகேஷ் கைகூப்பினான். “இன்னைக்கு வேணாம் சார். அப்பா பேர்லதான் பதிவு. இனிமே எல்லாத்தையும் நிறுத்திடுவோம்.”

மீனாட்சி கையை ஊன்றி எழுந்தாள். “பாத்துட்டுப் போங்க சார்.”

“அம்மா!”

“அவரு கூப்பிட்டு வந்தவங்கடா. எப்படித் திருப்பி அனுப்புறது?”

சக்திவேல் ஷூவைக் கழற்றினார். கைகழுவினார். சமையலறை வாசலில் தொங்கிய பையிலிருந்து ஒரு தொப்பியை அவராகவே எடுத்து மாட்டிக்கொண்டார். மீனாட்சிக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

டப்பாக்களைத் திறந்து பார்த்தார். ஜன்னல் வலையைத் தட்டிப் பார்த்தார். குனிந்து தொட்டியடியில் டார்ச் அடித்தார். பாசிப்பருப்பை எங்கே காயவைக்கிறீர்கள், எண்ணெயை மறுபடி பயன்படுத்துவதுண்டா என்று கேட்டார். கம்மிய குரலில் பதில் சொல்லத் தொடங்கியவளுக்குப் போகப்போகக் குரல் தெளிந்தது. கூடத்தில் அழுதவர்கள்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு காதைத் தீட்டினார்கள்.

“நிறுத்தணும்னு இல்லைம்மா,” என்றார் சக்திவேல். “பதிவு வச்சிருந்தவர் இறந்துட்டா, வாரிசு இதே பதிவுல மூணு மாசம் நடத்தலாம். அதுக்குள்ள பேர் மாத்த எழுதிக் குடுத்துடுங்க. யார் பேருக்கு மாத்தணும்?”

“என் பேருக்கே…” என்றான் மகேஷ்.

“நீ என்னைக்குடா பாகு காய்ச்சின?” மீனாட்சி திரும்பினாள். “என் பேருக்குத்தான் சார். மீனாட்சி.”

குரல் கூடம்வரை கேட்டுவிட்டது. குல்சும் அங்கிருந்தே பலமாகத் தலையாட்டினாள்.

சக்திவேல் வெளியே வந்து பெட்டியருகே நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியோரம் குனிந்து, “எல்லாம் சரியா இருக்கு சார்,” என்றார். வருகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.

நங்கநல்லூர்ச் சித்தி மீனாட்சியின் காதில் கிசுகிசுத்தாள். “யாருடி அது? மாப்பிள்ளை வழியா?”

“ஆமா சித்தி. அவருக்கு ரொம்ப வேண்டியவங்க.”

கண்ணாடியில் அந்த மனிதரின் மூச்சுப் பட்ட இடம் மங்கியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். உள்ளே தனபாலன் நன்றாகத் தெரிந்தார்.