வாயில் பஞ்சு இருக்கும்போது கேட்ட கேள்வி

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. வாயைப் பிளந்து படுத்திருந்தேன். உள்ளே பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயும். அப்போது பார்த்துத்தான், பயிற்சி முடியப்போகிற ஒரு புதுப் பல் டாக்டரம்மா கேட்டாள்:

"சார், ரெண்டு இடத்துல வேலைக்குக் கூப்பிடறாங்க. எதுக்குப் போகட்டும்?"

"ஆ... ஆ..." என்றேன்.

"நானும் அதேதான் நினைச்சேன்" என்றாள்.

2

'பளபளக்கும் அந்த மருத்துவமனையின் வாசலில் அவள்...' [அடித்துவிட்டேன். விளம்பரம் மாதிரி இருக்கிறது.]

நேராகவே சொல்கிறேன். ஒன்று பெரிய மருத்துவமனை: மாதச் சம்பளம், லீவு, கூப்பிட்ட குரலுக்கு ஒரு சீனியர். ஆனால் ஒருவரைச் சீக்கிரம் முடித்து அடுத்தவரை உட்கார வைக்க வேண்டும். இன்னொன்று சின்ன கிளினிக்: சம்பளம் கிடையாது, பார்க்கிற வேலையில் பங்கு. அவசரப்படுத்த ஆளில்லை, கைகொடுக்கவும் ஆளில்லை. யாரும் வராத நாளில் நாற்காலியும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வலித்தால் கையைத் தூக்கச் சொல்லாத பல் டாக்டர் உண்டா? தூக்கியதும் நிஜமாகவே நிறுத்தியவள், நான் பார்த்தவரை, இவள் ஒருத்திதான்.)

3

'அவள் பயந்தாள்' என்று எழுதினேன். சுத்தப் பொய். அவளுக்கு இரண்டின் மேலும் ஆசை.

"மாசம் பொறந்தா சம்பளம். கசக்குதாடி?" என்றாள் அவள் அக்கா.

"கசக்கலக்கா. நான்தான் ஒரு பல்லோட ஒரு மணி நேரம் மல்லுக்கட்டறவளாச்சே. அங்க போய் அவசரத்துல, கை தூக்கினா நிறுத்தற பழக்கம் போயிடுச்சுன்னா?"

"அப்போ பங்குக்குப் போ. நிதானமா பட்டினி கிட."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

4

முடிவு அ: பெரிய இடத்தில் அவள் கை வேகமாகிறது. யாரோ கையைத் தூக்குகிறார்கள். "இதோ முடிஞ்சுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே அவள்...

முடிவு ஆ: சின்ன கிளினிக். பிடுங்கும்போது பல்லின் வேர் உள்ளேயே முறிந்துவிட்டது. பக்கத்தில் கூப்பிட யாரும்...

[இரண்டும் வெறும் பூச்சாண்டி. எங்கே போனாலும் இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள். வேண்டாம்.]

5

பல்லை அடைக்க மறுபடி போனேன். வாய் நிறையப் பஞ்சை வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ரெண்டு இடத்துலயும் கேட்டுட்டேன் சார். 'பேஷண்ட் கை தூக்கினா நிறுத்துவேன், நேரமாகும், பரவாயில்லையா'ன்னு. ரெண்டு பேருமே சரின்னுட்டாங்க! இப்ப என்ன பண்றது?"

நான் கையைத் தூக்கினேன்.

சட்டென்று நிறுத்தினாள். பஞ்சை எடுத்தாள். "வலிக்குதா சார்?"

"இல்லம்மா. பதில் சொல்லத்தான்."

சொன்னேன். பாதி உதடு மரத்திருந்ததால் சொன்னது எனக்கே விளங்கவில்லை. அவள் என்னவோ தலையாட்டிச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உங்கள் வாயில் பஞ்சு இல்லையே. நீங்கள் சொல்லுங்கள்.