வரப்பில் நின்றவள்

சுதந்திரம் வந்த மறு வருஷம், சென்னையில் சினிமாத் தொழில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிலர் சின்னமனூருக்கு வந்து நடவு வேலையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். படிப்பு முடிய ஒவ்வொரு குழுவும் சிறு படம் ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். கேமரா தேவதானப்பட்டி முத்துக்கருப்பனிடம் இருந்தது. காகித வேலை முழுவதும் நத்தர்ஷாவிடம். நத்தர்ஷா உத்தமபாளையத்துக்காரன். அவனுடைய அத்தா அங்கே சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். அதனால் அந்த வேலை கேட்காமலே அவன் தலையில் விழுந்தது.

அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு மனு கொடுத்தான். வயலின் சொந்தக்காரர் தவசியிடம் அனுமதி எழுதி வாங்கினான். நாற்று நட்ட பெண்கள் அத்தனை பேரிடமும், தங்கள் உருவத்தைப் படத்தில் காட்டச் சம்மதம் என்று கைநாட்டு வாங்கினான்.

சென்னையில் கழுவி எடுத்த படத்தை ஓட்டிப் பார்த்தபோது ஆசிரியர் நிறுத்தச் சொன்னார்.

"வரப்பில் நிற்கிற அம்மாள் யார்? இவளுடைய சம்மதம் எங்கே?"

மற்றப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருக்க, வரப்பின் கடைசியில் ஒருத்தி நிமிர்ந்து நின்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த காட்சியிலும் நின்றாள். கேமராவை மேற்கே திருப்பி எடுத்ததிலும், வாய்க்கால் பக்கம் எடுத்ததிலும் அதே தூரத்தில் அவளே நின்றாள். காற்றில் நாற்றெல்லாம் சாய்ந்தது. அவள் முந்தானை மட்டும் அசையவில்லை.

"நான் பாக்கும்போது அங்கன யாருமே இல்லடா" என்றான் முத்துக்கருப்பன், நத்தர்ஷாவின் காதோடு.

ஆசிரியர் அதையெல்லாம் கேட்கத் தயாராக இல்லை. "முகம் தெளிவாகத் தெரிகிறது. சம்மதமில்லாத முகத்தைத் திரையில் காட்டக்கூடாது. ஒன்று வாங்கி வா, இல்லாவிட்டால் வெட்டிவிடு."

வெட்டினால் படமே மிஞ்சாது. அவள் முகத்தைப் பெரிதாக ஒரு போட்டோ போட்டு எடுத்துக்கொண்டு நத்தர்ஷா சின்னமனூருக்குப் புறப்பட்டான்.

தவசி களத்தில் இருந்தார். போட்டோவைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இத எங்கன வச்சு எடுத்தீக மாப்ள?"

"ஒங்க வயல்லதான் மாமா. அன்னைக்கு நடவு எடுத்தோமே."

"இவ என் பெஞ்சாதி. பஞ்சம்மா." அவர் குரல் இறங்கிப்போனது. "வண்டி கொட சாஞ்சு இடுப்பு ஒடைஞ்சதுல இருந்து கெடந்த கெடையா கெடக்கா. நான் தூக்கி ஒக்கார வச்சாத்தான் கஞ்சி குடிப்பா. அவ எங்கிட்டு வயலுக்கு வந்தா?"

வீட்டுக்குக் கூட்டிப் போனார். மத்தியான வெயில் கூடத்து முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளறையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவள் போட்டோவில் இருந்தவளேதான். முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது. அவனைப் பார்த்ததும் அவள் கண் அகன்றது.

"நீங்கதான மாப்ள, படம் பிடிக்கிற பொட்டிக்குப் பக்கத்துல காகிதக் கட்டோட நின்னது?"

அந்த வீட்டுக்குள் அவன் காலெடுத்து வைத்ததே அன்றுதான். நத்தர்ஷா தவசியைப் பார்த்தான். அவர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, "ஏதாச்சும் பேசிக்கிட்டே கெடப்பா, கண்டுக்கிறாதீக" என்றார்.

நத்தர்ஷா போட்டோவைக் காட்டி, வந்த காரியத்தைச் சொன்னான். "இது நீங்கதான்னு ஒரு கைநாட்டு வச்சாப் போதும் அத்தை."

"அவளுக்கு நான் எப்பிடி வைக்க?" என்றாள் பஞ்சம்மாள். "நான் இங்கன கெடக்கேன். வெளிய போறவ அவ. காலம்பற எந்திரிச்சுப் போவா, பொழுது சாயத் திரும்பிருவா. எந்த மடையில தண்ணி பாயுது, எந்தக் காட்டுல கதிரு வந்துருச்சுன்னு பக்கத்துல படுத்துக்கிட்டுச் சொல்லுவா. அதுலதான் எனக்கு நாள் ஓடுச்சு."

அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பொட்டிய வச்ச அன்னைக்குப் போனவ, இன்னும் வரல. வரப்புலயே நிக்கிறா. கூப்புட்டாலும் கால எடுக்க முடியலங்கா. அவள விட்டுருங்க மாப்ள."

"நாங்க யாரையும் பிடிச்சு வைக்கலையே அத்தை."

"ஒங்கத்தா பத்திரம் எழுதுறவுகதான? எங்கப்பன் நெலத்துல எனக்குப் பாத்தியம் இல்லேன்னு எங்கண்ணன் எழுதி வாங்குனாக. அதுக்கு என்னமோ பேரு சொன்னாக."

"விடுதலைப் பத்திரம்."

"அத எழுதுங்க."

முதலில் அவன் தயங்கினான். ஆனால் அவளுடைய கண்கள் அவனை விடவில்லை. பைக்குள் இருந்து வெள்ளைத்தாளை எடுத்துத் தரையில் உட்கார்ந்தான். சிறு வயதிலிருந்து அத்தா சொல்லக் கேட்டுப் பழகிய வாசகம் தானாக வந்தது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டான். தவசி ஒன்றும் கேட்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி வாசலுக்கே போய் நின்றார்.

"சத்தமா வாசிங்க. அவளுக்குக் கேக்கணும்."

நத்தர்ஷா வாசித்தான். "சின்னமனூர் தவசி அவர்கள் வயல் வரப்பில் நின்ற பெண்ணுருவத்தின் பேரில் எனக்கும் என் கூட்டாளிகளுக்கும் இனிமேல் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை. அவள் தன் இஷ்டப்படி போய்க்கொள்ளலாம்."

வெளியே மாடுகள் அசைபோடும் சத்தம் நின்றது. பஞ்சம்மாள் தலையைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவசி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நிலையிலிருந்து விலகி நின்றார், யாரோ உள்ளே போக வழி விடுவதுபோல.

பஞ்சம்மாள் தன் பக்கத்தில் கிடந்த போர்வையைக் கையால் ஒதுக்கி, கட்டிலில் ஓர் ஆள் படுக்க இடம் பண்ணினாள்.

"வா" என்றாள் மெதுவாக. "எம்புட்டு நாளா நின்ன! கால் வலிக்குதா?"

கட்டில் கயிறு கிறீச்சிட்டு இறங்கியது.

நத்தர்ஷா சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தான்.

சென்னையில் படத்தை மறுபடி ஓட்டினார்கள். குனிந்து நடும் பெண்கள், சாயும் நாற்று, வெறும் வரப்பு. எந்தக் காட்சியிலும் அவள் இல்லை. "வெட்டிவிட்டாயா? நல்லது" என்று ஆசிரியர் மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார். முத்துக்கருப்பன் மட்டும் பிலிம் சுருளை வெளிச்சத்தில் பிடித்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தான். வெட்டிய இடமோ ஒட்டிய இடமோ எங்கும் இல்லை.

"என்னடா பண்ணுன?"

நத்தர்ஷா நடந்ததைச் சொன்னான். முத்துக்கருப்பன் நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. சுருளை டப்பாவில் போட்டு மூடினான், அவ்வளவுதான்.

படிப்பு முடிந்த அடுத்த வருஷம் வேறொரு படத்துக்காகக் கோம்பைப் பக்கம் ஒரு தரிசு நிலத்தைப் படம் பிடிக்கப் போனார்கள். ஆளோ மாடோ இல்லாத பொட்டல். முத்துக்கருப்பன் கேமராவை நிறுத்தி, கண்ணை வைத்துப் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"நத்தரு, மொதல்ல நீ கேட்டுரு."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நத்தர்ஷா சம்மதப் பத்திரத்தை விரித்துப் பிடித்து, அந்த வெற்று நிலத்தைப் பார்த்து முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.