அண்ணன் படிக்கிற பல்கலைக்கழகம்

ஞாயிற்றுக்கிழமை காலை. இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம். வேலம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகள் நிஷாந்தி வாசல்படியில் உட்கார்ந்து ஒரு கொப்பியில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். உயர்தரப் பரீட்சை முடிவு வந்துவிட்டது. பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்ப இன்னும் இரண்டே நாள். எதை முதலாவதாகப் போடுவது என்பதுதான் கேள்வி.

சும்மா சொல்லக் கூடாது, பெண் கெட்டிக்காரி. நாலு பல்கலைக்கழகங்களின் பெயரை எழுதி, என்ன படிப்பு, தமிழில் படிக்கலாமா, விடுதி உண்டா, மாத்தளையிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும் என்றெல்லாம் விசாரித்துக் குறித்திருந்தாள். போன வருஷத்து வெட்டுப்புள்ளியையும் பார்த்துவிட்டாள். அவள் எடுத்த புள்ளிக்கு நிச்சயமாகக் கிடைக்கும் என்று நம்பக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் ஜெயக்காந்தன் மூன்றாம் வருஷம் படிக்கிற அதே பல்கலைக்கழகம். தூரத்து மாகாணத்தில் இருக்கிற அரசாங்கப் பல்கலைக்கழகம். பெயர் நமக்கு எதற்கு?

“அண்ணே, ஒங்க கெம்பஸையே மொதல்ல போடவா?”

விடுமுறைக்கு வந்திருந்த ஜெயக்காந்தன் பீலியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். “அது வேணாம்” என்றான், திரும்பாமலே.

“ஏன்?”

“தண்ணி உப்பு. வெயில் மண்டையப் பொளக்கும். லெக்சரர்மாரும் ஒழுங்கா வர மாட்டாங்க.”

“போன மாசம் வரைக்கும் அது மாதிரி கெம்பஸ் இல்லன்னு பெருமையடிச்சீங்களே!”

“சொன்னா கேளேன். அத வெட்டிட்டு வேற போடு.”

“வேற போட்டா கெடைக்காதுண்ணே. அப்புறம் அம்மாவோட கொழுந்து பறிக்கத்தான் போகணும்.” நிஷாந்தி கொப்பியை மூடினாள். பிறகு அவளே தெம்பானாள். “சரி, எங்க ஸ்கூல் ரஜனி மிஸ் ஒருத்தர சொன்னாங்க. பல்லேபொலையில ஷிஃபான்னு ஒரு அண்ணா. ஒங்க கெம்பஸுக்குப் போயிட்டு மூணே மாசத்துல விட்டுட்டு வந்துட்டாராம். இன்னைக்கே போயி அவருகிட்ட கேட்டா உள்ளத சொல்லுவாரு. ஒங்களுக்குத் தெரியுமா அவர?”

“தெரியாது.”

“தனியா எப்புடி அனுப்புறது? நீயும் கூடப் போயிட்டு வா தம்பி” என்றாள் வேலம்மா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

அவனுக்கு ஷிஃபானைத் தெரியாதாம்! நன்றாகத் தெரியும். முதல் வருஷத்தில் ஜெயக்காந்தனை மூத்த மாணவர்கள் “தோட்டம்” என்றே கூப்பிட்டார்கள். கொழுந்து பறிக்கிற மாதிரி நடித்துக்காட்டு என்றார்கள். அன்று அவன் கக்கூஸுக்குள் நின்று அழுதான். அப்படி அழுதவனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? மறு வருஷம் தான் சீனியர் ஆனதும், ஜூனியர்களை வதைக்கிற பகிடிவதைக் கூட்டத்தில் அவனே முன்னுக்கு நின்றான். புதிதாக வந்த ஷிஃபானின் போனைப் பிடுங்கி, அவன் தாய் அனுப்பிய குரல் செய்திகளைக் கேன்டீனில் சத்தமாகப் போட்டான். அதே குரலில் பேசியும் காட்டினான். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒரு மாதம் அதுவே விளையாட்டு. ஒரு நாள் ஷிஃபானின் கட்டில் காலியாகக் கிடந்தது.

தங்கச்சி அங்கே வந்தால் இதே கூட்டத்துக்கு நடுவில்தான் அவளும் நிற்க வேண்டும். அண்ணன் யார் என்பதும் அவளுக்குத் தெரிந்துபோகும். இதற்காகத்தான் தண்ணீர் மேலும் வெயில் மேலும் பழி போட்டான். அதனால் அவள் படிப்பே போய்விடும் என்று தெரிந்தும் போட்டான்.

பஸ்ஸில் நிஷாந்தி கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டே வந்தாள். மாத்தளையில் இறங்கி பல்லேபொல பஸ் ஏறும்போது, தலைவலி என்று சொல்லித் திரும்பிவிடலாமா என்றுகூட அவன் யோசித்தான். வாய் வரவில்லை.

ஷிஃபானின் வீட்டு முற்றத்தில் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவன் உம்மா நாச்சியா வெளியே வந்தார்.

“வாங்க மகள், வாங்க மகன். இந்த வெயில்ல வந்தீக்கிறீங்களே, சோறு தின்னீங்களா?”

அந்தக் குரல்! எத்தனை தரம் ஜெயக்காந்தன் இந்தக் குரலை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டியிருப்பான்! நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நாச்சியா கொண்டுவந்த தேத்தண்ணியை வாங்கி, குடிக்காமலே கீழே வைத்தான்.

மிளகுச் சாக்கோடு உள்ளே வந்த ஷிஃபான் அவனைக் கண்டதும் நின்றான். சட்டென்று தலையைக் குனிந்தான். ஜூனியர் சீனியரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, சட்டையின் மூன்றாவது பொத்தானைத்தான் பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவனே ஜெயக்காந்தன்தான். தன் சொந்த வீட்டிலும் அந்தப் பிள்ளை பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நிஷாந்தி வந்த காரியத்தைச் சொல்லிக் கொப்பியை விரித்தாள். ஷிஃபான் அவளைப் பார்த்து ஒழுங்காகவே பதில் சொன்னான். தண்ணியில குறையில்ல. லைப்ரரி நல்லம். இங்கிலீஸ் தெரியாட்டியும் பொறுமையா சொல்லித் தாற மிஸ் ஒராள் ஈக்கிறாங்க. “யோசிக்காமப் போடுங்க தங்கச்சி. நல்ல எடம்.”

“அப்ப நீங்க ஏன் விட்டுட்டு வந்தீங்க?”

நினைத்திருந்தால் ஷிஃபான் விரலை நீட்டி, இந்தா இவர்தான் என்று சொல்லியிருக்கலாம். “எனக்கு ஒத்துவரல்ல” என்றான்.

நாச்சியாவுக்குத்தான் மனசு பொறுக்கவில்லை. “என்ன நடந்திச்சோ தெரியா மகள். வந்த நாள்ல ஈந்து என்ட வொய்ஸ் வந்தா போனத் தூக்கி மூலையில வெக்கிறான். பக்கத்துல ஈந்து பேசினாலும் எழும்பிப் போறான். நான்தான் என்னமோ பெரிய பிழை செஞ்சீக்கிறேன். என்னண்டு கேட்டாலும் செல்றானில்ல.” முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அதற்கு மேல் ஜெயக்காந்தனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தான்.

“அம்மா, ஒங்க மேல ஒரு பிழையும் இல்ல. பிழை செஞ்சது நான்தான்.” போனைப் பிடுங்கியது, சத்தமாகப் போட்டது, பேசிக் காட்டியது எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. நிஷாந்தி யாரோ ஒரு அந்நியனைப் பார்ப்பது போல் அண்ணனைப் பார்த்தாள்.

நாச்சியா கோபப்படவில்லை. திட்டியிருந்தாலாவது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “நீங்க சிரிக்கிறதுக்கு அதுல நான் என்ன மகன் செல்லியீந்தேன்?” என்று கேட்டார்.

“சோறு தின்னியா மகன்... மழையில நனையாத... ராவைக்கு தனியா வெளிய போகாத...” அவனால் முடிக்க முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதான்.

“இதுல சிரிக்க என்ன ஈக்கிது?” என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார் நாச்சியா.

ஷிஃபான் இப்போது நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். “உம்மாக்குத் தெரியக் கூடாதுண்டுதான் இவ்வளவு நாளும் பொறுத்தீந்தேன். மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க, எனக்கு இப்ப குடுக்க ஏலா. ஒண்டு மட்டும் செல்லுங்க. ஒங்கட தங்கச்சி அங்க வரப்போறாண்டதும் ஒங்களுக்குப் பயம் வந்திச்சா இல்லையா?”

“வந்திச்சு.”

“அந்தப் பயம் அண்டைக்கு எங்கட உம்மாவ நெனச்சும் வந்தீக்கணும்.”

திரும்பும் வழியில் நிஷாந்தி முன்னால் நடந்தாள். பஸ் தரிப்பிடத்தில் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“நான் அந்தக் கெம்பஸையே மொதல்ல போடுறேன்.”

“போடு நிசா” என்றான் அவன் அவசரமாக. “ஒன்ன ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்ல மாட்டான். என் தங்கச்சின்னு சொல்லி வெக்கிறேன். நான் பாத்துக்குறேன்.”

“அடச்சே! இவ்வளவு அழுதும் ஒங்களுக்குப் புரியலையா?” அவள் கண்ணில் நீர் முட்டியது. “என்ன மட்டும் பாத்துக்கிட்டா போதுமா? அண்ணன் இல்லாத புள்ளைங்களும் அதே வாசலுக்குள்ளதானே வரும்? அதுகளுக்கும் வீட்டுல ஒரு அம்மா சோறு தின்னியான்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்கதானே? நமக்கு நடந்தத அடுத்தவனுக்கு நடக்காம நிறுத்துறவன்தான்ண்ணே மூத்தவன். வட்டியோட திருப்பிக் குடுக்குறவன் இல்ல.”

பஸ் வந்தது. ஜெயக்காந்தன் ஏறவில்லை.

“நடந்தது எல்லாத்தையும் கெம்பஸுக்கு எழுதிக் குடுக்கப் போறேன் நிசா. செஞ்சவங்கள்ல என் பேர மொதல்ல போட்டு.”

“ஒங்கள நிறுத்திட்டாங்கன்னா?”

“நிறுத்தட்டும். ஷிஃபானோட படிப்ப நான் நிறுத்தினேன்ல. எழுதுறதுல அவனும் கையெழுத்துப் போட சம்மதமான்னு கேட்டுட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தான். நிஷாந்தி பஸ்ஸைப் போகவிட்டுவிட்டு அவன் பின்னால் போனாள்.