மறுபடி விதைத்தவள்

ஆலங்கட்டி மழை கால் மணி நேரம்தான் பெய்தது. கதிர் பிடித்து நின்ற மக்காச்சோளத்தை அடித்துத் துவைத்துப் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டது.

அவள் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிராக்டரைக் கிளப்பினாள். ஈரம் காய்வதற்குள் பயறு விதைத்தால் பாதியாவது தேறும் என்பது அவள் கணக்கு. கணவர் உயிரோடிருந்த காலத்திலும் அவள் அப்படித்தான், செத்த பயிரை வயலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மனசு வராது. நான்கே நாளில் உழுது விதைத்துவிட்டாள்.

பக்கத்து வயல் கணவரின் அண்ணனுடையது. அதே மழை, அதே அழிவு. அந்த மூத்தவர் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. சாய்ந்த பயிர் சாய்ந்தபடியே அழுகி நாறியது.

பயிர் இழப்புக்கு அரசு நிவாரணம் தரும் என்று அறிவிப்பு வந்தது. அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த மாதத்துக்குள் வங்கிக் கடனைக் கட்டாவிட்டால் வயலை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

இருபதாம் நாள்தான் அதிகாரி வந்தார். கைப்பேசியில் படம் எடுக்கப் போனவர் நிறுத்திவிட்டார்.

"பயிர் நல்லாத்தானே இருக்கும்மா?"

"இது அப்புறம் விதைச்சது சார். அழிஞ்சதை உழுதுட்டேன்."

"நாங்க வர்ற வரைக்கும் அப்படியே விட்டிருக்கணும்."

"இருபது நாளா? ஈரம் எனக்காகக் காத்திருக்குமா சார்?"

அவர் கெட்டவரில்லை. அவர் படிவத்தில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான். பக்கத்து வயல்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்றார். அவள் வரப்பில் நின்ற மூத்தவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் இந்தப் பக்கம் வரவே இல்லம்மா. பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

இரண்டு வயலுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்பு. பத்து வருஷமாக அவள் வயல்மேல் கண் வைத்திருந்த மனிதருக்கு அன்றைக்கு மட்டும் பார்வை போய்விட்டது. அதிகாரி பயற்றைப் படம் எடுத்து, 'பயிர் செழிப்பாக உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார்.

மூத்தவருக்கு நிவாரணம் முழுசாக வந்தது. சும்மா கிடந்ததற்குக் கூலி என்று அவள் வாய்விட்டே சொன்னாள். கேட்க ஆளில்லை. வேளாண் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தாள். மூன்று முறையும் அதே படத்தைக் காட்டினார்கள். படத்தில் பயறு பச்சைப்பசேலென்று நின்றது.

வங்கிக் கெடு நெருங்கியபோது மூத்தவரே வீடு தேடி வந்தார். நிவாரணப் பணத்தை வயலுக்கு முன்பணமாக மேசைமேல் வைத்தார்.

"வெளியாளுக்குக் கொடுத்துடாதம்மா. நிலத்தை நீ கண்ணு மாதிரி வச்சிருக்க."

"எல்லாம் உங்க புண்ணியம் மாமா."

குத்தல் அவருக்கு உறைக்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"பயறு பூ விட்டிருக்கே. அதுவும் சேர்த்துத்தானே விலை?"

அவள் தலையாட்டினாள். வேறென்ன செய்வது.

மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் களை எடுக்கப் போய்விட்டாள். பாதி வரிசையில்தான் அது இனி யாருடைய வயல் என்று நினைவு வந்தது. தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.