தம்பி பிடித்தால் படம் தெளிவு

தையல்கார அக்காவின் தம்பி, மொட்டைமாடியில் ஆன்டெனா கம்பத்தைப் பிடித்தபடி பதினோரு வருடமும் நான்கு மாதமும் நின்றான். அவனைப் பொறுத்தவரை அது ஐந்து நிமிடம். இரண்டுமே உண்மை. அந்தக் கம்பத்திலிருந்து இதை எழுதுகிறவன் வீட்டுக்கும் ஒரு ஒயர் வந்தது. மறைப்பானேன்.

எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. ஒளிபரப்புக் கோபுரமோ மலைக்கு அந்தப் பக்கம். சிக்னல் மலையேறி இறங்கி எங்களிடம் வந்து சேர்வதற்குள் அதற்கு உயிர் பாதி போய்விடும். செய்தி வாசிக்கிறவருக்கு மூக்கு இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்குள் பந்தயமே நடந்திருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தார். கால்பந்து என்றால் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் படத்தைச் சரி பண்ணியே தீருவது என்று ஆன்டெனாக்காரரை மூன்று முறை வரவழைத்தார். முதல் முறை வந்தவர், ஒயரும் ஆன்டெனாவும் சேருகிற இடத்தில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைச் சுரண்டிவிட்டுப் போனார். இரண்டாம் முறை கம்பத்தை ஓர் ஆள் உயரம் ஏற்றி, மலையைப் பார்த்து, மலைக்கு முதுகு காட்டி, எல்லாத் திசைக்கும் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் முறை, ஆட்டம் நடந்த அதே ஞாயிற்றுக்கிழமை, பூஸ்டர் மாட்டினார். திரையில் இருந்த புள்ளியெல்லாம் பெரிய புள்ளியானது.

“பூஸ்டர் என்ன சார் பண்ணும்? வர்றதைப் பெரிசாக்கும். உங்களுக்கு வர்றதே புள்ளிதான்” என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அன்று மாலை ஆறு மணி பஸ்ஸில் தம்பி துறைமுக ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. அங்கே லாரிகளை எடை போடுகிற மேடையில் குமாஸ்தா வேலை; திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு. மத்தியானமே சாப்பிட்டுவிட்டு, தேய்த்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையை வாசல் பக்கம் வைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். சும்மா இருக்கிறவனைப் பார்த்து மாமா, “மச்சான், மேல போய் அந்தக் கம்பத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பாரேன்” என்றார். அவன் போய்க் கம்பத்தைப் பிடித்ததும் படம் வந்தது. வந்தது என்றால் எப்படி, கழுவித் துடைத்து வைத்த மாதிரி. கையை எடுத்தான், போயிற்று. பிடித்தான், வந்தது. ஆன்டெனாக்காரர் தம் நோட்டில் ‘தம்பி பிடித்தால் படம் தெளிவு’ என்று எழுதிக்கொண்டு, தம் வேலை முடிந்தது என்று சைக்கிளை எடுத்தார்.

தம்பி சொன்ன இடத்தில் நிற்கிற பிள்ளை. அம்மா போன பிறகு, இரண்டே வயது மூத்த அக்காதான் அவனை வளர்த்தாள். ஒருமுறை பேங்கில் “இங்கேயே நில்லு, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, வேறு வேலையில் அவள் மறந்தே போக, காவலாளி ஷட்டரை இறக்கும்வரை அதே கவுன்டருக்கு முன்னால் நின்றிருந்தான். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரிப்போம். அக்காவும் சிரிப்பாள்.

ஆட்டம் ஐந்தரைக்கு முடிந்தது. மாமாவின் அணி ஜெயித்துவிட்டது. மனிதர் செருப்புகூடப் போடாமல் டீக்கடைக்கு ஓடினார். மாடியில் ஒருவன் நிற்பது அவர் நினைவிலேயே இல்லை. வீட்டில் அக்கா மட்டும் இருந்தாள். ஐந்து நாற்பதுக்கு அவள் பார்க்கிற நாடகம் ஆரம்பித்தது. அதில் ஒருத்தி, தனக்கு வந்த கடிதத்தை நான்கு மாதமாகப் பிரிக்காமலே வைத்திருந்தாள். நான்கு மாதமாக அக்கா அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. இன்றைக்கு அவளுடைய கண் இமை தெரிந்தது. கடிதத்தின் ஓரத்தில் கை வைத்துவிட்டாள்.

மேலேயிருந்து தம்பி குரல் கொடுத்தான். “அக்கா, இறங்கட்டுமா? நேரமாச்சு.”

அக்கா தையல் மிஷினுக்கு மேலிருந்த ஜன்னலில் தலையை மட்டும் நீட்டினாள். “இன்னும் அஞ்சு நிமிஷம்டா. அப்படியே இரு.”

“சரிக்கா.”

கடிதம் அன்று பிரிக்கப்படவில்லை. ஆறு மணிக்கு பஸ் போய்விட்டது.

ஏழு மணிக்கு மாமா திரும்பி வந்து, வாசலில் பை அப்படியே இருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றபோது, அக்காவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. “நீங்கதானே மேட்ச் மேட்ச்னு அவனை நிக்க வெச்சுட்டு ஓடினீங்க.” யோசித்துச் சொன்னதல்ல, தானாக வந்ததுதான். ஆனால் வந்ததை அவள் திருப்பி எடுக்கவில்லை. மாமா தலையில் அடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். “இறங்கு மச்சான், தப்பு என்னோடதுதான்” என்றார். தம்பி மலையைப் பார்த்தபடியே, “அக்கா சொல்லட்டும் மாமா, இறங்கிடறேன்” என்றான். மாமா அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். ‘என் பேச்சைக் கேட்க மாட்டேங்கிறான், ஏன் கேட்பான்’ என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தவர், அன்றிலிருந்து கால்பந்து பார்ப்பதை விட்டுவிட்டார்.

அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இறங்கி வந்தால் அவன் முதலில் கேட்கப்போவது ‘பஸ் போயிடுச்சா’ என்றுதான். அதற்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றாள். மறுநாள், உத்தரவில் போட்டிருந்த தேதியும் போய்விட்டது. இனி என்ன, அடுத்த வாரம் சொல்லலாம் என்றாள். சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டால் அது சுலபமாகாது, கனமாகும். அக்காவுக்கு அது தெரியாதா என்ன? தெரிந்துதான் தள்ளினாள்.

இரண்டாம் நாள் தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு மாமா போனபோது, “இப்பத்தானே மாமா சாப்பிட்டேன்” என்று அவன் ஆச்சரியப்பட்டான். பத்தாம் நாளும் அதையேதான் சொன்னான். தாடி வளரவில்லை. சட்டையில் தேய்த்த மடிப்புக் கலையவில்லை. மழை பெய்தால் அவனைச் சுற்றி இரண்டு முழத்துக்குத் தரை காய்ந்தே இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யவில்லை என்பதால். உச்சி வெயிலில் எங்கள் நிழலெல்லாம் காலடியில் சுருண்டு கிடக்க, அவன் நிழல் மட்டும் மாலை ஆறு மணிக்கு விழுகிற நீளத்தில் கிழக்கே நீண்டு கிடந்தது. துணி காயப்போடுகிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டுக் கொடி கட்டினார்கள். தலையைத் திருப்பினால் படம் ஆடும் என்பதால் அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஒயர் இழுத்தோம். முதலில் பக்கத்து வீடு, பிறகு எதிர்வீடு. ஒரு வருடத்துக்குள் அந்தக் கம்பத்திலிருந்து பதினேழு ஒயர்கள் போயின. ஒயர் இழுக்கும்போது எல்லோரும் “பாவம் பிள்ளை” என்றோம். பாவம் என்று சொல்லிக்கொண்டேதான் இழுத்தோம். ஆன்டெனாக்காரருக்கு மட்டும் கொஞ்சம் மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும். ஈரச் சாக்கில் மணல் நிரப்பிக் கம்பத்தில் கட்டிப் பார்த்தார். தம்பியின் பழைய சட்டை பேன்ட்டுக்குள் வைக்கோல் திணித்து ஒரு பொம்மையைச் சாத்திப் பார்த்தார். படம் ஏமாறவில்லை.

மூன்றாம் வருடம் ஒரு மத்தியானம், மாமா மீட்டர் பார்க்கப் போயிருந்த நேரத்தில், அக்கா சேனலை மாற்றும்போது இரண்டு நிலையங்களுக்கு நடுவே, ஒன்றுமே வரக்கூடாத இடத்தில், ஒரு படம் வந்தது. லேசான புள்ளிகளுக்கு நடுவே லாரி ஒன்று எடை மேடையில் ஏறியது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து முள்ளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவன் அவள் தம்பி. கொஞ்சம் சதை போட்டிருந்தான். நீலச் சட்டை வெளுத்திருந்தது. பின்னால் கப்பல் பளு தூக்கிகள் தெரிந்தன. அக்கா எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தாள். அவன் அங்கேயும் இருந்தான்.

அந்த பஸ்ஸில் ஏறிப்போனவனின் வாழ்க்கை அது. அக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தப்பு செய்தவர்களுக்கு இதெல்லாம் சட்டென்று புரிந்துவிடும். அதற்குப் பிறகு தினமும் மூன்று மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு, கதவைத் தாழிட்டு, அதைப் பார்த்தாள். அவன் வாடகைக்கு அறை பிடித்ததைப் பார்த்தாள். துறைமுகக் கேன்டீனில் கல்லாவில் இருந்த பெண்ணிடம் தேவையே இல்லாமல் சில்லறை மாற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்து, “அசடு, பேரைக் கேளேன்டா” என்று திரையிடம் சொன்னாள். அந்தப் பெண்ணே அவனுக்கு மனைவியானாள். பெண் குழந்தை பிறந்தது. தலையை நிமிர்த்தவே தெரியாத குழந்தை தவழ்ந்தது, நின்றது, முன்பல் விழுந்து சிரித்தது. அக்காவுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குழந்தைக்கு ஒரு கவுன் தைத்தாள். அளவு கண்ணாலேயே எடுத்தது. வளர வளரப் புதிதாகத் தைத்து, மாமாவுக்குத் தெரியாமல் பெட்டியில் அடுக்கினாள். அழுதுகொண்டேதான் பார்த்தாள், ஆனாலும் ஒருநாள்கூடப் பார்க்காமல் இருந்ததில்லை.

எட்டாம் வருடம் தெருவுக்குக் கேபிள் வந்தது. பதினேழு ஒயர்களையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டோம். அவிழ்க்கும்போது “பாவம் பிள்ளை” என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. இனி அவன் நிற்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. மாமா கெஞ்சினார். “இப்பவாவது நீ கூப்பிடேன்மா. உனக்கு அவன் மேல என்ன கோபம்?” அக்கா மிஷினில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அவன் கையை எடுத்தால் குழந்தை போய்விடும். முதல் ஐந்து நிமிடம் அசட்டுத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். கேபிள் வந்த பிறகு மூன்று வருடம் அவனை அங்கே வைத்திருந்ததற்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது. அதை அவளே பின்னால் மாடியில் நின்றபடி எங்கள் எல்லோரிடமும் சொன்னாள்.

பன்னிரண்டாம் வருடம், ஒரு மத்தியானம். திரையில் அவன் வீட்டுத் தொலைக்காட்சியில் படம் ஆடியது. அவன் மாடிக்குப் போய்க் கம்பத்தைத் திருப்பினான். பெண் குழந்தை ஜன்னலில் ஏறி நின்றுகொண்டு வழி சொன்னது. அந்தச் சேனலில் சத்தம் எப்போதும் வண்டு முரல்வது போலத்தான் கேட்கும். அன்று மட்டும் தெளிவாக வந்தது.

“அப்பா, வந்துடுச்சு! வந்துடுச்சுப்பா, இறங்கி வா!”

படம் வந்த அதே நொடியில் குழந்தை அதைச் சொன்னது. திரும்பித் தொலைக்காட்சியைப் பார்க்கக்கூட இல்லை. அப்பா படியில் இறங்கி வருகிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மாடிப்படியில் நடுவில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாள் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். மேலே போய், அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, “போதும்டா தம்பி. இறங்கு” என்றாள்.

“வந்துட்டேன்க்கா” என்று கையை எடுத்துவிட்டுத் திரும்பியவன், அவளைப் பார்த்ததும் சிரித்தான். “என்னக்கா தலையெல்லாம்? சுண்ணாம்பா?” தட்டிவிடக் கையை நீட்டினான். தட்டினான். மறுபடி தட்டினான். அது போகவில்லை. பிறகு அவன் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

மாமா வேலையிலிருந்து வந்தபோது இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவரையும் உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னாள். மேட்ச் இல்லை, நாடகம். அவர் மறந்தது இல்லை, அவள் நிறுத்தியது. அந்தக் கடிதம்கூட அன்றைக்குப் பிரிக்கப்படவில்லை. மாமா வாசலில் கிடந்த தம் செருப்பைப் பார்த்தார்.

“அப்ப நான் பதினோரு வருஷமா ஃபுட்பால் பார்க்காம இருந்தது?” என்று கேட்டார். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

தம்பி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று அக்கா பின்னால் சொன்னாள். வாசலில் இருந்த பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த சட்டைகளைப் பார்த்துவிட்டு மூடினான். “குழந்தை எப்படி இருக்கும்?” என்று மட்டும் கேட்டான். அக்கா பெட்டியைத் திறந்து கவுன்களைக் காட்டினாள். சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாக இருந்தன. பிறகு அந்தச் சேனலை வைத்தாள். வெறும் புள்ளி.

“இரு வரேன்” என்று அக்கா மாடிக்குப் போனாள்.

அவள் பிடித்ததும் வந்துவிடவில்லை. தம்பி ஜன்னலில் நின்று வழி சொல்ல வேண்டியிருந்தது. “வலது பக்கம்க்கா... ரொம்பப் போயிட்ட, திரும்பு... இன்னும் கொஞ்சம் மேல பிடி... நில்லு, நில்லு!” கறுப்பு வெள்ளையில், சத்தமில்லாமல், கொஞ்சம் நடுங்கிக்கொண்டு படம் வந்தது. முன்பல் இல்லாத ஒரு பெண் குழந்தை பென்சிலைக் கடித்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தது. தம்பி தரையில் உட்கார்ந்தான். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். “உன் மூக்கு” என்றார்.

சரியாக ஐந்து நிமிடம். அவன் ஜன்னலுக்கு வந்து, “போதும்க்கா, பார்த்துட்டேன். இறங்கி வா” என்று கூப்பிட்டான்.

“இன்னும் அஞ்சு நிமிஷம் பாருடா” என்றாள் அக்கா மேலேயிருந்து, மலையைப் பார்த்தபடி.

இது நடந்து இப்போது பதினான்கு வருடம் ஆகிறது. தம்பிக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் எடை மேடை வேலை கிடைத்தது. மாமா பின்னறையில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கால்பந்து பார்க்கிறார். திரையில் இருக்கிற பெண் கல்லூரிக்குப் போகிறாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் தம்பி ஜன்னலில் தலையை நீட்டி, “அக்கா, இறங்கி வாயேன்” என்கிறான். அவளும் அதே பதிலைச் சொல்கிறாள். துணி காயப்போடுகிறவர்கள் அவள் நிழலை விட்டுவிட்டுக் கொடி கட்டுகிறார்கள். மேலே போன பிறகு அக்காவுக்கு ஒரு முடிகூடப் புதிதாக நரைக்கவில்லை. இப்போது பார்த்தால் தம்பிதான் மூத்தவன்.