வெளுத்த பை

"கையை எடுங்கம்மா" என்றாள் நர்ஸ் பிரகதீஸ்வரி.

அம்சவல்லி எடுக்கவில்லை. ஸ்டாண்டில் மாட்டப் போன பையை அப்படியே பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"நேத்து ஏத்துனது எலுமிச்சம்பழச் சாறாட்டம் மஞ்சளா இருந்துச்சு. இது என்ன, கஞ்சித்தண்ணியாட்டம் வெளுத்துக் கெடக்கு?"

கட்டிலில் கிடந்த தம்பி செழியன் உதட்டைத் திறக்காமல் சிரித்தான். ஈறெல்லாம் ரத்தக் கசிவு. டெங்கு வந்து ஆறாம் நாள். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் எட்டாயிரத்துக்கு இறங்கியிருந்தது. அதை ஏற்றத்தான் அந்தப் பை.

"லாக்டோமீட்டர் கொண்டாந்திருக்கியாக்கா? விட்டுப் பாத்துடு."

"நீ சும்மா கெட."

குடவாசல் பக்கம் ஒரு கிராமத்துப் பால் சங்கத்தில் இருபத்தோரு வருஷமாகப் பாலைச் சோதிக்கிறவள் அம்சவல்லி. யார் வீட்டுப் பாலில் எத்தனை சொம்பு தண்ணீர் என்பதைக் கருவியை விடுமுன்பே அவள் கண் சொல்லிவிடும். அந்தக் கண்ணுக்குப் பயந்தே ஊர் ஒழுங்காகப் பால் ஊற்றியது.

"நேத்து போட்டதுல இவருக்கு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு வாங்குச்சுல்ல? அதனாலதாம்மா இத வரவழைச்சது. இதுல..."

"தண்ணி கலந்திருக்கு. அதான?"

"தண்ணி இல்லம்மா. அதுக்குன்னு உள்ள கரைசல்."

"எந்தப் பேரு வச்சாலும் தண்ணி தண்ணிதான். பெரிய டாக்டர் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் இது எந்தம்பி ஒடம்புல ஏறாது."

நர்ஸ் செழியனைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்க சார்."

"அக்கா பாத்தா சரியாத்தான் இருக்கும் சிஸ்டர். டாக்டர் வரட்டும்."

டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். பிரகதீஸ்வரி பையோடு திரும்பிப் போனாள். செழியன் நடவு மெஷின் ஓட்டுகிறவன். சம்பா நடவுக்குச் சொல்லி வைத்த நாலு பேரிடமும் போனில் ஒரு வாரம் தவணை கேட்டான். பிறகு போனை மார்மேல் கவிழ்த்து வைத்தான்.

"தல லேசா வலிக்குதுக்கா."

"காலைல ஒண்ணும் திங்கல, அதான்." அவள் நெற்றியைப் பிடித்துவிட்டாள்.

நாற்பது நிமிஷம் கழித்து, முகக்கவசம் தாடையில் தொங்க டாக்டர் வந்தார். கோபப்படவில்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"சிகிச்சைக்கு வேண்டிய பிளேட்லெட் இதுல இருக்கும்மா. அது மிதக்குற பிளாஸ்மாவுல பெரும்பகுதிய எடுத்துட்டு, பதிலா ஒரு கரைசல்ல வச்சிருக்காங்க. இவருக்கு ஒத்துக்காமப் போனது அந்தப் பிளாஸ்மாதான். மஞ்ச நிறமும் அதோடதுதான். வெளுத்திருந்தாத்தான் இவருக்கு நல்லது."

அவர் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"போடுங்க" என்றாள் அம்சவல்லி.

பை கால்வாசி இறங்கியிருக்கும். செழியன் வாந்தி எடுத்தான். துடைக்கக் குனிந்தவளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க்கா இருட்டா இருக்கு, லைட்டப் போடு" என்றான். ஜன்னலில் பன்னிரண்டு மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் கையும் காலும் வெட்டி இழுத்தன. ஒன்றரை மணிக்கு முடிந்துபோயிற்று. மூளைக்குள் ரத்தம் என்றார்கள்.

அழுகை வரவில்லை அவளுக்கு. வராண்டாவில் டாக்டரை மறித்தாள்.

"அந்த நாப்பது நிமிஷத்தாலயா?"

அவர் தரையைப் பார்த்தார். "அதுக்கு முன்னாடியே கசிய ஆரம்பிச்சிருக்கலாம்மா. அதனாலதான்னும் சொல்ல முடியாது. இல்லன்னும் என்னால சொல்ல முடியாது."

செழியனின் மனைவி மதிவதனி அன்று ஆஸ்பத்திரியில் இல்லை. மகளுக்கும் காய்ச்சல் கண்டு முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தாள். உடல் வந்த வண்டியைத்தான் அவள் எதிர்கொண்டாள். பையைத் தடுத்து வைத்ததை அவளிடம் சொல்லியாக வேண்டும் என்ற ஒன்றுதான் அம்சவல்லியின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. எப்போது, எந்த வாயால் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை, வாசலில் போட்ட பந்தலுக்குக் கீழே வாய்க்கரிசி போட வரிசை நின்றது. அம்சவல்லியின் முறை வந்தபோது தலைமாட்டில் இருந்த மதிவதனி நிமிர்ந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"பக்கத்துக் கட்டில்காரங்க போன்ல எல்லாம் சொன்னாங்க அண்ணி. தண்ணி கலந்தத ஏத்த வந்தாங்களாமே. நீங்க ஒருத்திதான் நின்னு கேட்டீங்களாம்." அவள் அம்சவல்லியின் புடவை நுனியைப் பற்றிக்கொண்டாள். "நீங்க இல்லாட்டி நேத்து காலைலயே போயிருப்பாரு."

"ஆமா, அவ கண்ண யாரு ஏமாத்த முடியும்?" என்றாள் பக்கத்தில் இருந்த பெரியம்மா நீலாம்பாள்.

பறை ஓங்கி ஒலித்தது. அந்தச் சத்தத்துக்குள் அம்சவல்லியின் உதடு அசைந்தது. "அது தண்ணி இல்ல மதி."

சட்டென்று பறை நின்றது. பாடையைக் கொண்டுவருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

"என்ன சொன்னீங்க அண்ணி?"

அம்சவல்லி தம்பியின் வாயருகே குனிந்தாள். மூடிய கை திறக்கவில்லை. வியர்வையில் அரிசி உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்தது. பின்னால் வரிசை ஓர் அடி முன்னே நகர்ந்து, காத்து நின்றது.